நகருயிர்களின் சதையிச் சிறுதீவுகளும் பருவந்தோறும் மாறும் குருதி வெல்லமும்

உடல்நலமுள்ள மனிதனொருவன் இரவு முழுதும் உணவின்றியிருந்து காலையிற் குருதியைச் சோதிப்பித்தானாயின், அதன் 100 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 70 முதல் 100 மில்லிகிராம் வரை குளுக்கோசு என்னும் வெல்லம் காணப்படும். வளர்ந்த மனிதனின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் குருதி உண்டு. எனவே, அவன் குருதி முழுவதிலும் கரைந்திருக்கும் வெல்லம் ஒரு தேக்கரண்டி அளவினதே. அவனுடைய மூளை மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோசைச் செலவிடுகின்றது. வரவும் செலவும் ஓயாது நிகழ்ந்துகொண்டிருக்க, இருப்பு மாத்திரம் தேக்கரண்டி அளவினின்றும் பெரிதும் வழுவாது நிற்பது உடலியலின் வியப்புகளுள் ஒன்றாகும். அவ்விருப்பு மிகக் குறையின் மயக்கமும், நெடுங்காலம் மிகுந்தே நிற்பின் நீரிழிவும் நேரும். ஆதலின், குருதி வெல்லத்தின் மாறாநிலையே உடல்நலத்தின் இலக்கணம் என்னும் கருத்து மருத்துவத்தில் வேரூன்றியுள்ளது.

மனிதனுக்கும் பிற முலையூட்டிகளுக்கும் இக்கருத்துப் பெரும்பாலும் பொருந்தும். ஆயின், முதுகெலும்புள்ள விலங்குகள் அனைத்திற்கும் இது பொருந்துமோ என வினவின், ஆமை, பல்லி, பாம்பு, முதலை என்னும் நகருயிர்கள் தரும் விடை வேறாக உள்ளது. அவற்றின் குருதி வெல்லம் ஆண்டின் பருவங்களோடு ஏறியும் இறங்கியும் செல்வது. அங்ஙனம் மாறுவதே அவற்றின் நலமுமாகும். இம்மாற்றத்தை ஆளும் கலங்களின் அமைப்பும், அவற்றின் தொழில் பருவத்தோடு இயைந்து நிற்கும் முறையும் ஈண்டு விளக்கப்படும்.

சிறுதீவுகள் அறியப்பட்ட வரலாறு

சதையி என்பது இரைப்பையின் அயலில், முன்சிறுகுடலின் வளைவை ஒட்டி அமைந்த சுரப்பி. அதன் பெரும்பகுதி சமிபாட்டுக்குரிய நொதியங்களைச் சுரந்து குடலுட் செலுத்துவது. 1869 ஆம் ஆண்டில், பேர்லினில் மருத்துவம் பயின்ற 21 வயதினரான பவுல் இலங்கர்கான்சு என்பார், முயலின் சதையியை நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தபோது, நொதியம் சுரக்கும் கலங்களினிடையே வேறு வகையான சிறு கலக்கூட்டங்கள் ஆங்காங்கே சிதறிக் கிடத்தலைக் கண்டார். அவற்றின் தொழில் யாதென்பது தமக்குத் தெரியாதென அவர் ஒளியாது எழுதினார். 1889 ஆம் ஆண்டில் மின்கோவுசுக்கி, வொன் மெரிங்கு ஆகிய இருவரும் நாயொன்றின் சதையியை அகற்றியபோது அந்நாய் நீரிழிவுற்றது. 1893 இல் இலகெசு என்னும் பிரான்சிய அறிஞர் அக்கலக்கூட்டங்களுக்கு முதலிற் கண்டவரின் பெயரையே சூட்டி, குருதியுள் நேரே கலக்கும் ஏதோவொரு சுரப்பை அவை தருதல்கூடும் எனக் கருதினார். 1921 இல் ரொறன்ரோவிற் பான்றிங்கும் பெசுற்றும் அச்சுரப்பைப் பிரித்தெடுத்தனர். அதுவே இன்சுலின்.

சிறுதீவுகளில் உள்ள கலங்கள் ஒரு வகையின அல்ல. சாயமேற்றும் முறைகளால் அவற்றுள் இரு வகை உண்டென இலேன் என்பார் 1907 இற் காட்டினார். அவை அல்பாக் கலம், பீற்றாக் கலம் எனப் பெயர் பெற்றன. பீற்றாக் கலங்கள் இன்சுலினைச் சுரப்பன. அல்பாக் கலங்கள் சுரக்கும் ஓமோனுக்குக் குளுக்ககன் என்னும் பெயர் 1923 இல் இடப்பட்டது. அது பளிங்குருவிற் பெறப்பட்டது 1953 இலேயே. 1973 இல் மூளையின் ஒரு பகுதியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட சொமற்றோசுற்றற்றின் என்னும் ஓமோனைச் சிறுதீவுகளிலுள்ள தெல்ற்றாக் கலங்களும் சுரக்கின்றன என்பது பின்னர்ப் புலனாயிற்று. அது முன்னைய இரண்டினது சுரப்பையும் அடக்குவது.

இவ்வோமோன்களின் தொழிலை உலர்வலயத்துக் குளமொன்றைக் கொண்டு எளிதில் விளக்கலாம். ஈரல் குளம் போன்றது. அதிற் குளுக்கோசு கிளைக்கோசன் என்னும் உருவிற் சேமிக்கப்பட்டிருக்கும். குருதி, குளத்தினின்றும் செல்லும் வாய்க்கால். வாய்க்காலில் நீர் குறைந்தவழித் துருசைத் திறந்துவிடுவது குளுக்ககன்; சேமிப்பு வற்றுமிடத்து, அமினோவமிலங்கள் முதலியவற்றினின்றும் புதிதாக வெல்லத்தை ஆக்குமாறு ஈரலைத் தூண்டுவதும் அதுவே. வாய்க்காலில் வெல்லம் மிகுந்தவழி, அதனைத் தசையும் கொழுப்பிழையமுமாகிய வயல்களிற் பாயச்செய்து, எஞ்சியதைக் குளத்திற் சேர்ப்பிப்பது இன்சுலின்.

நகருயிர்களிற் சிறுதீவுகளின் அமைப்பு

முலையூட்டிகளின் சிறுதீவுகளிற் பீற்றாக் கலங்களே பெரும்பான்மையின. எலியில் அவை நடுவிற் செறிந்திருக்க, அல்பாக் கலங்கள் விளிம்பில் வேலிபோல் அமையும். மனிதனில் இருவகையும் கலந்து காணப்படும். நகருயிர்களில் இவ்வமைப்புக் குலத்துக்குக் குலம் வேறுபடுகின்றது. ஆமைகளிற் சிறுதீவுகள் தெளிவான எல்லையின்றி, நொதியக் கலங்களினிடையே சிறு கூட்டங்களாகவும் சிலவிடத்துத் தனிக் கலங்களாகவும் பரந்துள்ளன. பல்லியினங்களிலும் பாம்புகளிலும் அவை மண்ணீரலை அடுத்த பகுதியில் மிகுதியாகச் செறிந்துள்ளன. பல பாம்புகளிற் சதையி மண்ணீரலோடு ஒட்டியே காணப்படும்.

இவற்றுள் ஆராய்ச்சியாளரின் கருத்தை மிக ஈர்த்தது பல்லியினங்களின் அமைப்பாகும். அவற்றிற் பெரும்பான்மை பெறுவன அல்பாக் கலங்கள். குளுக்ககன் சிறிதளவு செலுத்தப்படினும் பல்லியின் குருதி வெல்லம் விரைந்து உயரும். முலையூட்டியொன்றிற் கடுமையான வெல்லக்குறைவை விளைக்கும் அளவு இன்சுலினைச் செலுத்தினும், பல்லியில் நேரும் மாற்றம் சிறிதே. இன்சுலின் மூலக்கூறு பெரிதும் வேறுபட்டதனால் இது நேர்ந்ததெனக் கூறுதலும் இயலாது. முதுகெலும்பிகள் பலவற்றிலும் அம்மூலக்கூறு ஒரே அடிப்படை அமைப்பினது. முதலையினத்தின் இன்சுலின் கோழியின் இன்சுலினை மிக நெருங்கியது. எனவே, வேறுபாடு பெரிதும் கலங்களின் விகிதத்திலும், ஓமோனை ஏற்கும் இழையங்களின் இயல்பிலுமே உள்ளது எனக் கொள்ளலாம்.

இதன் பொருள் யாது? நெற்சோறும் கிழங்கும் உண்ணும் மனிதனின் உடல், உணவுக்குப் பின் குருதியிற் பெருகும் வெல்லத்தை நாள்தோறும் அடக்கவேண்டியுள்ளது. பூச்சியும் ஊனும் உண்ணும் பல்லிக்கு உணவிலிருந்து கிடைக்கும் வெல்லம் மிகச் சிறிது. ஓருணவுக்கும் அடுத்த உணவுக்கும் இடையே பல நாள்களோ வாரங்களோ செல்லலாம். வெள்ளத்துக்கு அஞ்சவேண்டாத நிலத்தில் உழவன் அணையை உயர்த்துவதினும் துருசைக் காப்பதிலேயே கருத்தூன்றுவான். அதுபோலப் பல்லியின் சிறுதீவும் வெல்லம் மிகுதலைத் தடுப்பதற்காக அன்றி, குறைதலைத் தடுப்பதற்கே பெரிதும் அமைந்துள்ளது. எனினும், உணவொன்றே இவ்வமைப்புக்கு முழுக் காரணமெனக் கூறல் பொருந்தாது. இலைதழை உண்ணும் பல்லிகளும் உள. முலையூட்டிகளுள் ஊனுண்ணிகளும் உள. குலமரபும் இதிற் பங்குகொள்ளுகின்றது.

வெப்பமும் காலமும்

நகருயிர்கள் தம் உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் சூழலிலிருந்து பெறுவன. ஒத்த எடையுள்ள முலையூட்டியொன்று செலவிடும் சத்தியிற் பத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோ அவற்றுக்குப் போதியது. சூழல் குளிருந்தோறும் அச்செலவு மேலும் சுருங்கும். ஆகவே, அவற்றின் உடலில் ஓமோன்களின் காலக்கணக்கும் வேறு.

இதற்குச் சிறந்த சான்று, ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதிச் சதுப்புநிலங்களில் வாழும் அலிகேற்றர் என்னும் முதலையினம். அதன் குருதியிலுள்ள வாயுக்களும் வெல்லமும் பருவத்தோடு மாறுதல்பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரையொன்று 1923 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. இன்சுலினைக் கண்டமைக்காக நோபெற் பரிசு வழங்கப்பட்ட ஆண்டும் அதுவே. பின்னர், நியூ ஓர்லியன்சில் கூல்சன், எர்னாண்டசு ஆகிய இருவரும் அலிகேற்றரின் உயிரிரசாயனத்தைப் பல்லாண்டு ஆராய்ந்து, 1964 இல் அதுபற்றி நூலொன்று வெளியிட்டனர். மனிதனுக்குக் குளுக்கோசைப் பருகக் கொடுப்பின் இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துள் அவன் குருதி பழைய நிலையை அடையும். அலிகேற்றரிலோ அவ்வெல்லம் அகலுவதற்கு நாள்கள் செல்லும். இன்சுலினின் தாக்கமும் அங்ஙனமே மெல்லத் தோன்றி, நாட்கணக்கில் நிலைப்பது. மனித உடலில் மணிக்கணக்கில் நிகழும் நாடகம் முதலையின் உடலில் நாட்கணக்கில் நிகழ்கின்றது எனலாம்.

குளிர்காலம் வந்ததும் அலிகேற்றர் உணவை நிறுத்திவிடும். அதன் குருதி வெல்லம் தாழ்ந்த நிலையை அடையும். ஆயினும் மாதக்கணக்கில் உணவின்றியும் அது அறவே வற்றுவதில்லை. செலவு மிகச் சுருங்கியிருத்தலால், ஈரலின் சேமிப்பும் புரதத்தினின்று ஆக்கப்படும் சிறிதளவு வெல்லமும் போதியனவாகின்றன. முலையூட்டியொன்றில் நோயெனக் கருதத்தக்க அளவு, குளிரில் ஓய்ந்து கிடக்கும் முதலைக்கு இயல்பான அளவே. வெப்பம் மீளும்போது வெல்லமும் மீள உயர்கின்றது.

பனிக்கட்டியின் கீழ் ஆமை

குளிர்காலத்தில் நகருயிர்களின் குருதி வெல்லம் தாழும் என்பதைப் பொதுவிதியாகக் கொள்ள முற்படுவாரை வட அமெரிக்காவின் வர்ண ஓட்டாமை தடுத்து நிறுத்துகின்றது. கனடாவின் தென்பகுதியிலும் அதனை அடுத்த மாநிலங்களிலும் குளங்கள் மாரியில் உறைந்துபோகும். அவ்வாமை பனிக்கட்டியின் கீழ் நீரினடியிற் கிடந்து மாரியைக் கழிக்கும். நீரில் ஒட்சிசன் தீர்ந்துபோகவும் கூடும். வெப்பநிலை 3 பாகை செல்சியசு அளவில் இருக்க, ஒட்சிசன் சிறிதுமின்றி இவ்வாமை மூன்று அல்லது நான்கு மாதங்கள் உயிர்வாழ வல்லதென ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன. மனித மூளையோ சில நிமிட நேரமும் ஒட்சிசனின்மையைப் பொறாது.

இவ்வாற்றலின் மூலம் ஈரலிலேயே உள்ளது. இலையுதிர்காலத்தில் ஆமையின் ஈரல் கிளைக்கோசனைப் பெருமளவிற் சேமிக்கின்றது. ஒட்சிசன் அற்றவிடத்துக் கொழுப்பை எரித்தல் இயலாது, குளுக்கோசொன்றே எரிபொருள். அதுவும் ஒட்சிசனின்றிச் சிதைக்கப்படுங்கால், ஒட்சிசனோடு எரிந்து தரும் சத்தியில் ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்கையே தருவது. ஆதலால் ஆமை இருவழிகளிற் செயற்படுகின்றது. ஒன்று, அதே குளிரில் ஒட்சிசனோடு இருக்கும்போது செலவிடும் சத்தியிற் பத்தில் ஒரு பங்களவுக்குத் தன் செலவைக் குறைத்துக்கொள்ளுதல். மற்றையது, ஈரலின் துருசைத் திறந்து குருதியிற் குளுக்கோசைப் பெருகவிடுதல். இதற்கு அதிரினலின் முதலிய ஓமோன்கள் துணைபுரிகின்றன. ஆகவே, அலிகேற்றரில் வெல்லம் தாழும் அதே பருவத்தில், ஒட்சிசனற்ற நீரிற் கிடக்கும் ஆமையின் குருதி வெல்லம் பன்மடங்கு உயர்ந்து நிற்கின்றது.

இச்சிதைவாற் பெருகும் இலற்றிக்கமிலம், ஓய்ந்திருக்கும் மனிதனின் குருதியிற் காணப்படும் அளவினும் நூறு மடங்குக்கு மேலாக உயரக்கூடும். அதன் நஞ்சை ஆற்றுவது ஆமையின் ஓடு. ஓட்டிலும் எலும்பிலுமுள்ள கல்சியம், மகனீசியம் என்பவற்றின் காபனேற்றுகள் குருதியுட் கரைந்து அமிலத்தை நடுநிலையாக்குகின்றன. இலற்றேற்றின் ஒரு பகுதி ஓட்டினுள்ளேயே சென்று தங்குகின்றது. அடக்கத்துக்கு ஆமையை உவமை கூறிய வள்ளுவர் அதன் உறுப்பொடுக்கத்தைக் கருதினார். உடலின் உள்ளே நிகழும் ஒடுக்கமும் அவ்வுவமைக்கு முற்றும் பொருந்துவதேயாம்.

வெப்பவலயத்தின் பருவங்கள்

வெப்பவலயத்தில் உறைபனி இல்லை. ஆயினும் பருவங்கள் உண்டு. மழையும் வறட்சியும், உணவின் பெருக்கமும் அருக்கமும், இனப்பெருக்கமும் ஆண்டைப் பகுக்கின்றன. இலங்கையின் உலர்வலயத்தில் வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையுள்ள வெம்மையிற் பல குளங்கள் வற்றுகின்றன. அக்காலத்திற் பாலாமை சேற்றினுட் புதைந்து கிடக்கும். குளத்து முதலை கரையில் வளை தோண்டி ஒதுங்கும். இவ்வுறக்கம் குளிரால் வருவதன்று. வெப்பம் குறையாதிருக்க உணவும் நீரும் குறைதலால், குளிர்நாட்டு ஆமையின் கணக்கை இவற்றுக்கு அப்படியே பொருத்திப் பார்த்தல் தவறாகும்.

இத்துறையில் இந்தியாவின் தார்வாடில் நிகழ்ந்த ஆராய்ச்சியொன்று குறிப்பிடத்தக்கது. இந்தியாவிலும் இலங்கையிலும் நன்னீர் நிலைகளில் வாழும் கரிய ஓட்டாமையின் சதையியில், குளுக்ககன் கலங்களையும் இன்சுலின் கலங்களையும் பிறபொருளெதிரிகளின் துணையால் வேறு பிரித்துக் காட்டியதோடு, அதன் குருதி வெல்லம் பருவத்தோடு சுழன்று மாறுதலையும் அவ்வாய்வு அளந்தது. அது 2008 இல் வெளிவந்தது. குளிர் உறக்கம் அறியாத வெப்பநாட்டு ஆமையிலும் வெல்லம் ஆண்டு முழுதும் ஒரே அளவில் நில்லாதென்பது இதனால் உறுதியாயிற்று. முட்டை உருவாகுங்காலம் பெண்ணாமையின் ஈரல் மஞ்சட்கருவுக்குரிய புரதத்தையும் கொழுப்பையும் ஆக்கும் பெரும்பணியில் ஈடுபடும். எனவே, வெல்லத்தின் கணக்கை இனப்பெருக்கத்தின் கணக்கினின்றும் பிரித்து எழுதுதல் இயலாது.

அளவிடுதலில் உள்ள இடர்கள்

இங்ஙனம் பருவமாற்றத்தை அளவிடுவார் கருத்திற் கொள்ளவேண்டிய இடர்கள் சில உள. முதலாவது, விலங்கைப் பிடித்தலே அதன் குருதி வெல்லத்தை மாற்றிவிடும். அச்சத்தாலும் போராட்டத்தாலும் அதிரினலினும் பிற ஓமோன்களும் சுரந்து ஈரலிலிருந்து வெல்லத்தை வெளிப்படுத்தும். விரைவிற் குருதி எடாதவிடத்து, அளக்கப்படுவது பருவத்தின் இயல்பன்று, பிடிபட்டதன் அச்சமேயாகும். இரண்டாவது, இறுதியாக உண்டது எப்போது, வெயில் காய்ந்ததா, ஆணா பெண்ணா என்பனவும் அளவை மாற்றும். மூன்றாவது, கலங்களை எண்ணிய அளவில் அவற்றின் தொழிலை அறிந்ததாகாது. சுரப்பு நிரம்பிய கலம் தொழிற்படாது ஓய்ந்திருத்தல்கூடும். சுரப்பு வற்றியதாய்த் தோன்றும் கலம் கடுந்தொழிலில் ஈடுபட்டதாயிருத்தலும் கூடும். ஆதலின் கலங்களின் எண்ணிக்கை, குருதியில் ஓமோனின் அளவு, ஈரலின் கிளைக்கோசன், வெல்லம் என்னும் நான்கையும் ஒரே விலங்கிற் பருவந்தோறும் ஒப்பிட்டாலன்றி முடிவு தெளிவாகாது.

மருத்துவத்துக்குக் கிடைத்த பயன்

நகருயிர்களின் வெல்லக் கணக்கு விலங்கியலார்க்கு மாத்திரம் உரியதென்று எண்ணுதல் வேண்டா. ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலங்களிலும் மெட்சிக்கோவின் வடபகுதியிலும் ஈலா என்னும் நச்சுப்பல்லி வாழ்கின்றது. வாலிற் கொழுப்பைச் சேமித்துப் பெரும்பொழுதை நிலத்தின் கீழ்க் கழிக்கும் இப்பல்லி ஆண்டுக்கு மிகச் சில முறையே உண்பது. அதன் நச்சுநீரிலிருந்து 39 அமினோவமிலங்கள் கொண்ட எட்சென்டின்-4 என்னும் பொருளை யோன் எங்கு என்னும் அமெரிக்க மருத்துவ அறிஞர் பிரித்தெடுத்து 1992 இல் வெளியிட்டார். அப்பொருள் வருவது பல்லியின் சதையியிலிருந்தன்று. வாயின் நச்சுச் சுரப்பியிலிருந்து. ஆயினும் அது மனிதனின் குடலிற் சுரக்கும் ஓமோனொன்றை ஒத்தது.

அக்குடலோமோன், குருதியில் வெல்லம் மிகுந்திருக்கும்போது பீற்றாக் கலங்களைத் தூண்டி இன்சுலினைச் சுரப்பிப்பதும், அல்பாக் கலங்களை அடக்குவதும் ஆகும். ஆயின் அது குருதியில் ஓரிரு நிமிடங்களிற் சிதைந்துவிடும். மருந்தாகக் கொடுத்தற்கு உதவாது. பல்லியின் பொருளோ அச்சிதைவை எதிர்த்து மணிக்கணக்கில் நிற்பது. அதனைச் செயற்கையாக ஆக்கிய மருந்து, இரண்டாம் வகை நீரிழிவுக்கென 2005 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவ்வழியிற் பின்னர் வேறு மருந்துகளும் தோன்றின. பாலைப் பல்லியொன்றின் வாய்நீரில் நீரிழிவாளர்க்கு ஒரு துணை உண்டென்பதை முன்கூட்டி எவரும் உரைத்திருக்க இயலாது. பயன் கருதாது செய்யப்படும் ஆராய்ச்சியும் பயனின்றிப் போவதில்லை என்பதற்கு இது தக்கதோர் எடுத்துக்காட்டு.

முடிவுரை

மேற்கூறியவற்றால் தெளிவாவது யாதெனின், குருதி வெல்லத்துக்கு எல்லா உயிர்க்கும் எக்காலத்துக்கும் உரிய ஓரெண் இல்லை என்பதே. மனிதனுக்கு மாறாமை நலம். அவனது மூளையும் வெங்குருதியும் அதனை வேண்டி நிற்கின்றன. அலிகேற்றருக்குக் குளிரிற் தாழ்தல் நலம். பனிக்கட்டியின் கீழுள்ள ஆமைக்கு உயர்தல் நலம். மூன்றிலும் ஒரே ஓமோன்களே தொழிற்படுகின்றன. கலங்களின் விகிதம், இழையங்கள் அவற்றின் ஏவலை ஏற்கும் முறை, வெப்பம், உணவு, பருவம் என்பனவே வேறுபடுகின்றன. ஓருயிரின் இயல்பு நிலையை மற்றோருயிரின் அளவுகோலால் அளப்பவர், நலத்தை நோயென்றும் நோயை நலமென்றும் மயங்குவர்.

இலங்கையின் குளங்களிலும் வயல்களிலும் வாழும் ஆமைகளும் முதலைகளும் ஓணான்களும் இவ்வாராய்ச்சிக்குரிய பெருஞ்செல்வம். குளங்கள் தூர்ந்தும் காடுகள் குறுகியும் வரும் காலத்தில், அவ்வுயிர்கள் மறையுமாயின் அவற்றின் குருதியில் எழுதப்பட்டுள்ள பருவக் கணக்கும் உடன் மறையும். அதனைக் கற்பதற்கு முதற்கண் வேண்டுவது அவ்வுயிர்களைக் காத்தலேயாகும்.